நாட்காட்டித் தாளின் பின்பக்கம்: இன்றைய தாய்மையில் நகை என்னும் மெய்ப்பாடு

1. சிக்கலும் தரவும்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தபோது நகையை முதலிலும் அழுகையை அதற்கு அடுத்தும் வைத்தார். அந்த வரிசைக்குப் புலமை சார்ந்த காரணங்கள் எத்தனையோ இருக்கலாம். மூன்று வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவே அரை நிமிட இடைவெளிகூட இருப்பதில்லை என்பதை மட்டும் நான் சான்றோடு சொல்ல முடியும்.

நகை நான்கு இடங்களில் பிறக்கும் என்பது மெய்ப்பாட்டியலின் கணக்கு. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று அவற்றுக்குப் பெயர் சொல்லி நின்றுவிடுகிறது நூற்பா. உரையாசிரியர் பேராசிரியரின் உரைதான் அவற்றைத் திறந்து காட்டுகிறது. எள்ளலுக்கு அவர் இரண்டு திசை சொல்கிறார்: நாம் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறர் நம்மை எள்ளும்போது நாமே சிரிப்பது மற்றொன்று. இந்தத் திசைப் பாகுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. காலை ஏழரை மணிக்கு வேன் ஹாரனுக்கும் பத்து மணிக்குக் கைவிரல் வைக்கும் வருகைப் பதிவு எந்திரத்துக்கும் நடுவே ஓடுகிற ஒரு தாய் எந்தத் திசையில் நின்று சிரிக்கிறாள்? இக்கட்டுரையின் கேள்வி அதுதான்.

தரவு பற்றி. நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். மகள் இரண்டாம் வகுப்பு. மகனுக்கு மூன்று வயது. கணவருக்கு ஷிப்ட் வேலை. மாமியார் ஊரில் இருக்கிறார். அதாவது உடம்பு ஊரிலும் குரல் எங்கள் சமையலறையிலும் இருக்கிறது. பள்ளி திறந்த ஜூன் முதல் ஆண்டுத் தேர்வு முடிந்த ஏப்ரல் வரை, தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் அன்றன்று நடந்ததைக் குறித்து வந்தேன். ஒவ்வொரு தாளிலும் இரண்டு கட்டங்கள்: 'நடந்த நேரம்', 'சிரித்த நேரம்'. ஒரே வீடு, ஒரே தாய், இரண்டு பிள்ளைகள்; இதைப் புள்ளியியல் என்று யாரும் மயங்க வேண்டாம். காலண்டர் தாளைத் தேர்ந்ததில் எதிர்பாராத ஒரு பயன் கிடைத்தது. முன்பக்கத்தில் நல்ல நேரமும் ராகு காலமும் அச்சாகியிருக்கின்றன அல்லவா? திங்கட்கிழமை ராகு காலம் காலை 7.30 முதல் 9 வரை. பள்ளி வாரத்தின் முதல் நாள் காலை ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்கிறார் என் மாமியார். மற்ற நான்கு நாள்களுக்கு அவரிடமும் விளக்கம் இல்லை.

2. இளமை

நூற்பாவின் வரிசையை மாற்றி இளமையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பேராசிரியர் இதைப் பிள்ளைமை என்று கொள்கிறார். பிள்ளை வந்த பிறகுதானே மற்ற மூன்றும் வருகின்றன.

2.1 ஒரு வாய்

பிள்ளைமையின் போர்க்களம் தட்டு. இந்தப் போர் நம் காலத்தில் பிறந்ததன்று. நற்றிணையின் 110ஆம் பாட்டு, போதனார் பாடியது, மனை மருட்சித் துறையில் அமைந்தது. தேன் கலந்த பால், பொன் கிண்ணம், அடிப்பதுபோல ஓங்கிய சிறு கோல், அதன் நுனியும் நோகாதபடி மென்மையானது. நரைத்த கூந்தலோடு செவிலியர் பின்னால் ஓடுகிறார்கள். முத்துப் பரல் இட்ட சிலம்பு ஒலிக்கச் சிறுமி பந்தலுக்குள் ஓடிவிடுகிறாள். செவிலியர் களைத்து நின்றுவிடுகிறார்கள். குடிக்க மாட்டேன் என்பதுதான் அவள் முடிவான விடை.

இந்தப் பாட்டை முதுகலை வகுப்பில் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். பொற்கலம் செல்வச் செழிப்பைக் காட்டுகிறது என்று சொல்லிக் கொடுத்தேன். தாயான பிறகு வேறொரு செய்தி கண்ணில் பட்டது: செவிலியர் என்பது பன்மை. ஒரு குழந்தைக்குப் பால் புகட்ட ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்கள், முழு நேரப் பணியில், இருந்தும் தோற்றிருக்கிறார்கள். அந்த வரியை இப்போது படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆறுதல்.

புறநானூற்றின் 188ஆம் பாட்டு இதே காட்சியை மறுபக்கம் இருந்து பார்க்கிறது. பிள்ளை குறுகுறுவென்று நடந்து வந்து, கை நீட்டித் தொட்டு, நெய்ச் சோற்றைத் துழாவி உடம்பெல்லாம் அப்பிக்கொள்வதில் மயங்கி நிற்கிறார் பாண்டியன் அறிவுடைநம்பி. திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரமும் பிள்ளை கையால் அளைந்த கூழை அமிழ்துக்கு மேலே வைக்கிறது. இரண்டிலும் உள்ள அன்பை நான் ஐயுறவில்லை. ஆனால் ஆய்வாளர் என்ற முறையில் ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை: அந்த நெய்ச் சோற்றைத் தரையிலிருந்து துடைத்தது யார்? பாடியவர் அரசர். இந்தப் பாட்டைத் துடைத்தவர் பாடியிருந்தால் மெய்ப்பாடு வேறாக இருந்திருக்கும். உவகைக்குப் பதில் வெகுளியாக இருந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். நாள் கழித்து நகையாக வந்திருக்கும். அதை ஆறாம் பிரிவில் பார்ப்போம்.

2.2 அம்புலியின் இன்றைய வடிவம்

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் அம்புலிதான் பாடுவதற்குக் கடினமானது. புலவர்களுக்கு அது புலி என்றே சொல்வழக்கு உண்டு. நிலவைப் பார்த்து, இந்தப் பிள்ளையோடு விளையாட வா என்று அழைக்க வேண்டும். அழைப்பதற்குச் சாம, தான, பேத, தண்டம் என்ற நான்கு உபாயங்களையும் கையாள வேண்டும். நீயும் இவனும் ஒத்தவர்கள் என்பது சாமம். வந்தால் உனக்கு இன்னின்ன நன்மை என்பது தானம். நீ எங்கே, இவன் எங்கே என்று வேற்றுமை காட்டுவது பேதம். வராவிட்டால் நடப்பதே வேறு என்பது தண்டம்.

எங்கள் வீட்டு இரவுச் சாப்பாடு இதே நான்கில்தான் நடக்கிறது. "என் ராஜால்ல, ஒரே ஒரு வாய்டா" என்பதில் தொடங்கும். "இதை முடிச்சா சாக்லேட்" என்பது ஐந்தாவது நிமிடம். "சரி போ, அக்காவுக்கே ஊட்டிடறேன், அவதான் சமத்து" என்பது பன்னிரண்டாவது. பூச்சாண்டியும் போலீசும் வருவதற்குள் ரசம் சாதம் ஆறி, கட்டி தட்டி, இருவருக்கும் அதன்மேல் இருந்த மரியாதை போயிருக்கும். ஒரு வேறுபாடு உண்டு. பிள்ளைத்தமிழில் உபாயங்கள் நிலவை நோக்கியவை. பிள்ளை பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். வீட்டில் அவை பிள்ளையை நோக்கியவை; நிலவு வெறும் தானப் பொருள்.

அந்தத் தானப் பொருள் இப்போது மாறிவிட்டது. மாடிக்குத் தூக்கிப் போய்க் காட்டிய நிலாவை நாம் கடையில் வாங்கி, சார்ஜ் ஏற்றி, கண்ணாடி ஒட்டி, சோற்றுக் கிண்ணத்தில் சாய்த்து வைத்திருக்கிறோம். உலக நலவாழ்வு அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே கூடாது. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் நல்லது. வானத்து நிலவு இந்த விதியை இயல்பாகவே கடைப்பிடித்தது. தேய்ந்தது, மேகத்தில் மறைந்தது, மாதத்தில் ஒரு நாள் முற்றிலும் விடுப்பு எடுத்தது. கையிலிருக்கும் நிலவுக்கு அமாவாசை கிடையாது.

பிள்ளைக்குக் கட்டும் வசம்பை நம் பாட்டிமார் பேர் சொல்லாதது என்பார்கள்; அதன் பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை. பிள்ளை வளர்ப்பான் என்றும் அதற்கொரு பெயர் உண்டு. என் வீட்டில் இந்த இரண்டு பெயரும் கைபேசிக்குப் பொருந்துகின்றன. 'போன்' என்ற சொல்லைப் பிள்ளை காதில் படும்படி சொன்னால் அன்றைய மாலை போயிற்று. கணவரும் நானும் அதை 'அந்தச் செவ்வகம்' என்போம். செவ்வகம் என்றால் என்ன என்று மகன் பிப்ரவரியில் கற்றுக்கொண்டான். இப்போது 'நாற்கரம்'.

2.3 உப்புமா

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் வல்லுநர் பிள்ளைக்குச் சோறிடுவதைப் பொறுப்புப் பங்கீடாக வகுத்தார். என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு. உண்பதா, எவ்வளவு உண்பது என்பது பிள்ளையின் பொறுப்பு. நான் இதை ஒரு வாரம் கடைப்பிடித்தேன். ஆறாம் நாள் மாமியார் வீடியோ அழைப்பில் பேரனைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது: "அவன்கிட்ட தோத்துட்டியா?"

கொள்கையின் வெற்றியை நான் வேறிடத்தில் கண்டேன். எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் மகன் அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கிறான். தமிழக அரசின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொரு வகை. "வீட்டுல உப்புமான்னு சொன்னாலே தெருவுல நிப்பான். அங்க ரெண்டாந்தடவை வாங்கித் தின்னுறானாம்" என்றார் அக்கா. சொல்லிவிட்டுச் சிரித்த சிரிப்பில் பாதி, காலையில் அடுப்பு மூட்ட வேண்டிய வேலை ஒன்று குறைந்ததற்கானது. நான் அதே நேரத்தில் இரண்டு டிபன் பாக்ஸ், ஒரு ஸ்நாக்ஸ் பாக்ஸ், என் சாப்பாட்டுக் கூடை என நான்கு மூடிகளில் எது எதற்குரியது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

3. எள்ளல்

பிள்ளை பெற்றவளை எள்ளுவதற்கு நம் சமூகத்தில் தகுதி எதுவும் தேவையில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கை போதும். "என்ன, புள்ள இப்படி இளைச்சிருக்கு?" என்பது தொடக்கம். குழந்தை குண்டாக இருந்தால் கேள்வி மாறும். கேட்பவர் மாற மாட்டார்.

அச்சில் வந்த தமிழ் நகைச்சுவை இதில் தாய்க்கு அதிகம் உதவவில்லை. பத்திரிகைத் துணுக்குகளில் சிரிக்கிறவர் கணவர், பொருள் மனைவி. அப்புசாமி, சீதாப்பாட்டி கதைகளில் பாட்டி வெல்கிறார் என்பதை மறுக்கவில்லை. அவற்றை எழுதிய பாக்கியம் ராமசாமியின் இயற்பெயர் ஜ.ரா. சுந்தரேசன், பாக்கியம் அவர் தாயார் பெயர், ராமசாமி தந்தையார் பெயர். மகனின் நன்றி அழகானதுதான். அப்படியும் தாயின் பெயர் அட்டைக்கு வந்ததே தவிர, தாய் எழுதியதாக எதுவும் வரவில்லை.

தாய் எழுதவில்லை, பாடினாள். எள்ளலைத் தாய் திருப்பி அனுப்பிய வடிவம் தாலாட்டு. யார் அடித்து அழுகிறாய் என்று குழந்தையை விசாரிக்கும் தாலாட்டு தமிழகமெங்கும் உண்டு. அத்தை, மாமன், பாட்டி என்று உறவுகள் ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றப்படுவார்கள். பலர் கையிலும் ஆயுதமாக ஒரு பூச்செண்டு. குற்றச்சாட்டும் உண்டு, தப்பித்துக்கொள்ள வழியும் உண்டு. நான் பூவைத்தானே சொன்னேன் என்று பாடியவள் சொல்லிவிடலாம். இதன் கேட்போர் யார் என்பதை நாம் சரியாகக் குறித்ததில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. குழந்தை பாதியிலேயே தூங்கிவிடும். பாட்டு அதற்குப் பிறகும் நீளும். தாய்மாமன் கொண்டுவந்த வெள்ளிக் கிண்ணமும் பட்டுச் சட்டையும் பட்டியலாகும். அந்தப் பட்டியல் அடுத்த அறையில் விழித்திருக்கும் புகுந்த வீட்டுக்கு.

இந்த உத்தியின் இன்றைய வாரிசு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். எல்லாருக்கும் போடுவதுபோல ஒருவருக்குப் போடுவது. என் தோழி ஒருத்தி, மாமியார் ஊருக்குப் போன அன்று, வெறும் காபி டம்ளர் படம் ஒன்றைப் போட்டு 'அமைதி' என்று எழுதினாள். பத்து நிமிடத்தில் நாத்தனார் பார்த்துவிட்டதாகக் காட்டியது. பூச்செண்டு இல்லாத தாலாட்டு. அதனால் அது வம்பில் முடிந்தது. பழைய வடிவத்தில் பூவுக்கு ஒரு வேலை இருந்திருக்கிறது.

4. பேதைமை

பேதைமை என்பது அறிவின்மை. இதைச் சுருக்கமாக முடிக்கலாம், ஏனெனில் தரவு முழுவதும் என்னைப் பற்றியது.

ஜூலை மாதத் தாள்: ஆய்வு மாணவர் ஒருவரின் வாய்மொழித் தேர்வில், தயங்கி நின்ற அவரிடம் "எங்க, ஆ காட்டு" என்றேன். புறத்தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாணவர் பணிவுள்ளவர், வாயைத் திறந்தார்.

செப்டம்பர்: தயிர்க் கிண்ணத்தைப் புத்தக அலமாரியில் வைத்து, பரிபாடலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். மூன்றாம் நாள் வாசனையை வைத்துத் தயிரைக் கண்டுபிடித்தோம். பரிபாடல் கெடவில்லை.

நவம்பர்: இரண்டாம் வகுப்புக் கழித்தல் கணக்கை நான் படித்த முறையில் போட்டுக் கொடுத்தேன். விடை சரி, வழி தவறு என்று சிவப்பு மையில் வந்தது. மகள் ஆறுதல் சொன்னாள்: "பரவால்லம்மா, நீ தமிழ்தான்."

5. மடன்

கேட்டதை ஆராய்ந்து பார்க்காமல் மெய்யென்று கொள்வது மடன். பேராசிரியர் காலத்தில் இதற்கு உதாரணம் தேட வேண்டியிருந்திருக்கும். இப்போது வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழு இருக்கிறது.

அந்தக் குழுவில் இரவு ஒன்பதரைக்கு வரும் கேள்வி ஒன்று: "நாளைக்கு சார்ட் பேப்பர் கொண்டு போகணுமாமே?" அடுத்த நான்கு நிமிடத்தில் முப்பது தாய்மார் விழித்துக்கொள்வார்கள். என்ன நிறம் என்று ஒருவர் கேட்பார். மஞ்சள் என்று ஒருவர், எந்த நிறமானாலும் சரியாம் என்று ஒருவர். கடை மூடும் நேரம். ஒரு தந்தை மட்டும் கட்டைவிரல் காட்டுவார், எதற்கென்று தெரியாது. காலையில் பிள்ளை சொல்லும்: "அது போன வாரம்மா."

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் மடனின் உச்சக் காலம். மழை விடுமுறையை மாவட்ட ஆட்சியர் அறிவிக்க வேண்டும். ஆட்சியரின் சமூக ஊடகப் பக்கத்தில் மாணவர்களே லீவு கேட்டுக் கெஞ்சும் நாடு இது. முந்தைய ஆண்டின் அறிவிப்பு ஒன்று தேதி வெட்டப்பட்டு மறுபடி சுற்றும். நவம்பரில் ஒரு நாள் அதை நம்பினேன். பிள்ளைகளை எழுப்பவில்லை, மாவை எடுத்து வெளியே வைக்கவில்லை. ஏழரைக்கு வேன் அண்ணா வாசலில் ஹாரன் அடித்தார். அடுத்த வாரம் எதையும் நம்புவதில்லை என்று உறுதி எடுத்து, இருவரையும் குளிப்பாட்டி, சீருடை மாட்டி, ஷூ லேஸ் கட்டி நிமிர்ந்தபோது உண்மையான விடுமுறை அறிவிப்பு வந்தது. இந்த இரண்டு தாள்களையும் ஒன்றாகப் பின் அடித்து வைத்திருக்கிறேன்.

வாட்ஸ்அப் நிறுவனம் 2018இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. பல கை மாறிய செய்தியை ஒன்றுக்கு மேல் அனுப்ப முடியாதபடி 2020 ஏப்ரலில் மேலும் இறுக்கியது. வதந்தியைத் தடுக்கும் ஏற்பாடு அது. பெரியம்மாக்களுக்குப் பொறுமை அதிகம், ஒவ்வொன்றாக அனுப்புகிறார்கள்.

இந்தப் பிரிவில் சிரிப்பு சற்று நிற்கும் ஓர் இடம் உண்டு. தொல்காப்பியக் களவியல், பெண்ணுக்கு எப்போதும் உரியவை என அச்சத்தையும் நாணையும் மடனையும் சொல்கிறது. மெய்ப்பாட்டியல் அதே மடனை நகைப்புக்குரிய இடங்களில் ஒன்றாக எண்ணுகிறது. ஒரே சொல், ஒரு கையில் அணியாகவும் மறு கையில் கேலியாகவும். பெரியவர் சொன்னதைக் கேள்வி கேட்காமல் ஏற்கும் மருமகள் நல்லவள். அதே ஏற்பால் குழந்தைக்குக் காய்ச்சலில் கம்பளி போர்த்தினால், படித்தவளா நீ என்று மருத்துவர் கேட்பார். எனக்கு இது நடந்தது. கம்பளி போர்த்தச் சொன்னவர் அப்போது பக்கத்தில்தான் நின்றார். அவரும் சேர்ந்து என்னைத்தான் பார்த்தார்.

6. சிரித்த நேரம்

தாள்களை வரிசைப்படுத்தியபோது நான் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. 'நடந்த நேரம்', 'சிரித்த நேரம்' என்ற இரண்டு கட்டங்களிலும் ஒரே நேரம் எழுதிய தாள் மிகக் குறைவு. இட்லி மாவுப் பாத்திரம் கவிழ்ந்தது காலை 6.40. சிரித்தது பதினொன்றேகால், துறை அறையில், இன்னொரு தாயிடம் சொன்னபோது. மகன் என் ஆய்வேட்டின் மேற்கோள் பக்கங்களில் கண்மையால் மீசை வரைந்தது ஆகஸ்டில், சிரித்தது அக்டோபரில்.

பேராசிரியர் சிரிப்பை மூன்றாக்குகிறார்: முறுவல், அளவான சிரிப்பு, பெருஞ்சிரிப்பு. தாய்மார்க்கு இவை வேறுவேறு இடங்களில் நிகழ்கின்றன. முறுவல் நடந்த இடத்திலேயே வரும். ஆனால் அதைப் பிள்ளை பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால் கண்டிப்பு செல்லாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, குரலில் மட்டும் கோபம் காட்டும் கலை எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. அளவான சிரிப்பு அக்காவிடமோ அம்மாவிடமோ தொலைபேசியில் சொல்லும்போது. பெருஞ்சிரிப்புக்குப் பள்ளி வாசல் வேண்டும். மூன்றேகால் மணிக்கு இரும்புக் கதவு திறக்கும் வரை, வெயிலில், ஸ்கூட்டியில் சாய்ந்தபடி நான்கு தாய்மார் நிற்க வேண்டும். ஒருத்தி பாரதியார் வேடத்துக்கு ஒட்டிய மீசை மேடையில் விழுந்ததைச் சொன்னால், அடுத்தவளிடம் அதைவிடப் பெரியது ஒன்று இருக்கும்.

ஆகத் தாயின் நகைக்குக் கேட்பவர் வேண்டும். கூட்டுக் குடும்பத்தின் குறைகளை நான் அறிவேன். மறுபடி அதற்குள் போகச் சொன்னால் ஓடிவிடுவேன். கிணற்றடியும் திண்ணையும் கேட்பவரைக் கொடுத்தன என்பது மட்டும் உண்மை. தனி வீட்டில் மாவு கவிழ்ந்தால், அதைச் சொல்ல ஆள் கிடைக்கும் வரை அது வெறும் மாவு.

சிக்மண்ட் பிராய்டு 1927இல் நகைச்சுவை பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். அஞ்சி நிற்கும் குழந்தையிடம் பெற்றோர் பேசுவதுபோல, மனத்தின் ஒரு பகுதி இன்னொரு பகுதியிடம், இதெல்லாம் பெரிதில்லை என்று சொல்வதே நகைச்சுவை என்பது அவர் கருத்து. பிள்ளை பெறாத தத்துவவாதிகள் இதைப் படித்து ஒப்புக்கொண்டிருக்கலாம். மூன்று வயதுக்காரனைத் தட்டித் தூங்க வைத்துவிட்டு, கூடத்தில் சிதறிய மரத்துண்டுகள் நடுவே உட்கார்ந்திருக்கும் தாய்க்கு இது உவமையாகத் தெரியாது. அன்று அவள் தூங்க வைக்க வேண்டிய மூன்றாவது பிள்ளை அவளேதான். பேராசிரியர் சொன்ன இரண்டாம் திசை, பிறர் எள்ளத் தானே நகுவது, இங்கே இன்னும் ஒரு படி போகிறது: எள்ளுபவரும் எள்ளப்படுபவரும் ஆறுதல் சொல்பவரும் ஒருவரே.

7. நகையில் அடங்காதவை

மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் ஸ்காட்லாந்தில் உருவான எடின்பரோ அளவுகோலில் பத்துக் கேள்விகள் உள்ளன. முதல் கேள்வியே சிரிப்பைப் பற்றியது: வேடிக்கையைக் கண்டு சிரிக்க முடிகிறதா, முன்புபோல முடிகிறதா? மருத்துவம் தாயின் சிரிப்பை அளவுகோலாகவே வைத்திருக்கிறது. பேறு முடிந்த முதல் நாள்களில் காரணமின்றி அழுகை வருவது பலருக்கும் உண்டு. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கும். அடங்காமல், எதிலும் சிரிப்பே எழாமல் நீண்டால் அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி. 'நாங்கெல்லாம் நாலு பெத்தோம்' என்று சொல்பவர்களிடம் சொல்ல வேண்டியதன்று. என் முதல் பேற்றுக்குப் பிறகு அப்படி ஒரு காலம் இருந்தது. அதற்கு என்னிடம் தாள் எதுவும் இல்லை.

மற்றொரு எல்லை கணக்கு சார்ந்தது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். ஈடுபட்டோர் பெண்களில் நூற்றுக்கு 81.2, ஆண்களில் 26.1. இதே ஆய்வு 2024இல் மறுபடி நடந்தது. பெண்கள் 289 நிமிடம், ஆண்கள் 88. பெண்கள் பத்து நிமிடம் குறைத்துக்கொண்டதை எப்படியோ அறிந்து ஆண்களும் ஒன்பது நிமிடம் குறைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளையும் முதியோரையும் பார்த்துக்கொள்ளும் நேரம் பெண்களுக்கு 134இலிருந்து 137 ஆயிற்று. ஆண்களுக்கு 76இலிருந்து 75. அந்த ஒரு நிமிடத்தில் என்ன செய்கிறார்கள் என்று என் கணவரிடம் கேட்டேன். அவர் யோசிக்க ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டார்.

சட்டம் தன்னாலானதைச் செய்திருக்கிறது. மகப்பேற்று நலச் சட்டத்தின் 2017 திருத்தம் விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கியது. ஐம்பது பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்றது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு விடுப்பு. மைய அரசில் பணிபுரியும் தந்தைக்குப் பதினைந்து நாள். பதினாறாம் நாள் பிள்ளை வளர்ந்துவிடும் என்ற கணக்கில் யாரோ இதைப் போட்டிருக்க வேண்டும்.

இந்த எண்களைச் சொல்லிச் சிரிப்பது எளிது. நானே இப்போது செய்தேன். அதனால்தான் எச்சரிக்கையாக இருக்கிறேன். நம் குடும்பங்களில் தாயின் நகைச்சுவை உணர்வை மெச்சுகிறவர்கள், அவள் சிரித்துவிட்டால் காரியம் முடிந்தது என்று எழுந்து போய்விடுகிறார்கள். பாத்திரம் அங்கேயே கிடக்கிறது.

நற்றிணைப் பாட்டுக்கு ஒரு பின்பாதி உண்டு. பால் குடிக்காமல் ஓடிய அந்தச் சிறுமி வளர்ந்து மணமாகிப் போகிறாள். கணவன் வீட்டில் வறுமை. தந்தை வீட்டுச் சோற்றை எண்ணாமல், ஒரு வேளை விட்டு ஒரு வேளை உண்கிறாளாம். இந்த அறிவை எங்கே கற்றாள் என்று பிறந்த வீடு வியக்கிறது. மருட்கை என்று மெய்ப்பாடு சொல்லி நான் பல ஆண்டுகள் மதிப்பெண் போட்டிருக்கிறேன். இப்போது அந்தப் பின்பாதியை நடத்தும்போது வகுப்பில் யாரையும் பார்ப்பதில்லை.

நகை பிறக்கும் நான்கு இடங்களிலும் சேர்க்க முடியாத தாள் ஒன்று மீதி இருக்கிறது. மார்ச் மாதத்தது. 'என் குடும்பம்' என்று பள்ளியில் வரையச் சொல்லியிருக்கிறார்கள். மகள் கொண்டுவந்த படத்தில் அப்பா சோபாவில் படுத்திருக்கிறார். தம்பிக்கு முகத்தைவிட வாய் பெரிது. பாட்டி ஒரு செவ்வகத்துக்குள் இருக்கிறார். அது கைபேசி என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. அம்மாவுக்கு நீளப் பின்னல், கீழே புடவை, அவ்வளவுதான்.

"அம்மாவுக்கு மூஞ்சியே போடலையேடி?"

"நீ அடுப்புப் பக்கம் திரும்பித்தானம்மா நிப்ப. பின்னாடியிருந்து பார்த்தா அப்படித்தான் தெரியும்."

கணவர் உடனே சிரித்தார். ஆசிரியை ஒரு நட்சத்திரம் ஒட்டியிருந்தார். நடந்த நேரம், மாலை 6.10. அடுத்த கட்டத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.